டெபாசிட் போனால் உங்கள் ஓட்டும் போய்விடுமா?

‘மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போடாதீர்கள், அந்த வேட்பாளர் டெபாசிட் இழந்தால் அவருக்கு விழுந்த ஓட்டெல்லாம் செல்லாத ஓட்டாகிவிடும்’ என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். தப்பு. டெபாசிட் என்பது வேட்பாளர் கட்டும் பணம், சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய் (பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி). செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் தோற்றால் அந்தப் பணம்தான் போகும், உங்கள் ஓட்டு கணக்கில் அப்படியே இருக்கும்.

அந்தக் கணக்குக்கு மதிப்பும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஓர் இடத்திலும் ஜெயிக்கவில்லை, ஆனால் தமிழ்நாட்டில் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியதால் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது.

அப்புறம், டெபாசிட் போவது சின்னக் கட்சிக்கு மட்டும்தானா? பக்கத்திலேயே பாருங்கள், 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரன் ஜெயித்தார், டெபாசிட் இழந்தது தி.மு.க.!

ஓட்டுப் பிரிந்தால் பிடிக்காதவர் ஜெயித்துவிடுவாரோ என்ற பயம் வேறு விஷயம், ஒரே ஓட்டு அதிகம் வாங்கினாலும் வெற்றி என்பதால் அது நியாயமான பயம்தான். அதைச் சொல்லி ஓட்டுக் கேளுங்கள், சரி.