இலவசத் தாளுக்கு ஒன்றேகால் லட்சம்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பலரும் என் கடையில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். தாளை நகலெடுத்துக் கொடுப்பது என் தொழில். கொடுக்கும் முன் படித்துப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். போன மாதம் அந்தப் பழக்கத்தால் ஒரு வீட்டின் பொல்லாப்பைச் சம்பாதித்துக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை, ஏற்காடு மலையின் நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா கைபேசியை நீட்டினார். "பையனுக்கு விசா வந்துவிட்டது அண்ணா, கலரில் ஒன்று எடுத்துக் கொடுங்கள்." மலேசியாவில் உணவக வேலை, வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து விமானம் என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கோப்பைத் திறந்தேன். விசா அல்ல. மலேசியாவுக்குப் போகிற வெளிநாட்டவர், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை. அதற்குக் கட்டணமே கிடையாது. பாஸ்போர்ட் எண், விமான எண், தங்குமிடம் இவற்றைப் போட்டால் பத்து நிமிடத்தில் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். என் கடையில் செய்தால் நான் முப்பது ரூபாய் வாங்குவேன், அதுவும் பிரிண்ட்டோடு சேர்த்து.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை சுற்றிப் பார்க்க விசாவே வேண்டாம் என்று மலேசியா வைத்திருக்கிறது. ஆக, சுற்றிப் பார்ப்பதற்கு விசா தேவையில்லை. வேலை செய்வதற்கு வேண்டிய விசாவோ அந்தக் கைபேசியில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏஜெண்ட் வாங்கியிருந்த தொகை 1,25,000 ரூபாய்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். காப்பித் தோட்டத்துக்குள் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை விற்றிருக்கிறார்கள். மலையைத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். அந்த மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மரம் போனால் கொடியும் போயிற்று. வருடா வருடம் கைக்கு வந்த மிளகுக் காசை வேரோடு வெட்டி, போதாததற்குக் காதுத் தோட்டையும் அடகு வைத்து, யாரும் பைசா கேட்காத ஒரு தாளை வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பி வருவதற்கான டிக்கெட்டும் கோப்பில் இருந்தது. "அது சும்மா காட்டுவதற்கு" என்று ஏஜெண்ட் சொன்னாராம். விமான நிலையத்தில் கேட்டால் பத்துமலை முருகனைப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டும் என்று பையனுக்கு ஒத்திகை வேறு நடந்திருக்கிறது. முருகன் மன்னிக்கட்டும், இந்த ஒத்திகையைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பத்துமலையில் முருகன் சிலை 140 அடி. நம் ஆத்தூருக்குப் பக்கத்தில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022 முதல் 146 அடியில் நிற்கிறார். பஸ் டிக்கெட் போதும்.

வேலைக்கான முறையான வழி எது என்று அந்த அம்மாவுக்கு ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அங்கே இருக்கும் முதலாளி, வெளிநாட்டு ஆள் எடுக்க முதலில் அரசிடம் ஒதுக்கீடு வாங்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட ஆளின் பெயருக்குக் குடிநுழைவுத் துறையின் அனுமதிக் கடிதம் வரும். நம் ஆட்கள் 'காலிங் விசா' என்று சொல்வது அதை வைத்து எடுக்கும் விசாவைத்தான். அங்கே போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அதன் பின் தற்காலிக வேலைப் பாஸ். முதலாளி யார், எந்தத் துறை என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த வரிசையில் எதையும் "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே பணப்பையை மூடிவிட வேண்டும்.

முப்பது நாள் முடிந்த பிறகுதான் சிக்கல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் தவறு. சுற்றுலாவாக நுழைந்தவன் முதல் நாள் தட்டுக் கழுவினாலே குற்றம். முப்பது நாள் தாண்டித் தங்கினால் அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டம் சொல்வது, பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அங்கே 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு மாத உழைப்பு அபராதத்துக்கே சரியாகிவிடும். அதுவும், திருட்டுத்தனமாக வைத்திருக்கும் ஆளுக்கு ஒரு முதலாளி குறைந்தபட்சச் சம்பளம் கொடுப்பார் என்று நம்பினால்.

இவ்வளவு பேசும் உனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். 2007இல் நானும் போனவன்தான். எனக்கு விசா சரியாக இருந்தது. ஆனால் பாஸ் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு, வேலை கிள்ளானில் ஓர் உணவகத்தில். தாளில் ஒரு தொழில், கையில் வேறு தொழில் என்றால், சரியான விசாவும் செல்லாக் காசுதான் என்பது எனக்கு அங்கே போன பிறகே தெரிந்தது. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படிப் பிடித்து வைப்பது அந்த நாட்டிலேயே குற்றம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. மூன்று ஆண்டில் நான் சம்பாதித்ததில் பாதி, போவதற்கு வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போனது. பத்துமலையை நான் பார்க்கவே இல்லை. வெளியே நடமாடப் பயம்.

சேலம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்க் காடுகளுக்கும் கங்காணிகள் ஆள் பிடித்துப் போன மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. என் பாட்டியின் சித்தப்பா ஒருவர் 'பினாங்குக்குப் போனவர்' என்ற ஒரே வரியாக எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கிறார். பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. அப்படி ஆள் சேர்த்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. கங்காணியை நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவன் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனான், கடனைச் சம்பளத்தில் பிடித்தான். இப்போதைய ஏஜெண்ட் முன்பணத்தை நம்மிடமே வாங்கிக்கொண்டு, விமானம் ஏறியதும் கைபேசி எண்ணை மாற்றிவிடுகிறார்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது சட்டத்தின் மீது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீதும் தர வேண்டும். அதாவது சட்டப்படி போகும் வழியில் ஏஜெண்ட்டுக்குக் கொடுப்பது, கள்ள வழியில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இது ஏன் நாகலூருக்குத் தெரியவில்லை? தேநீர்க் கடை வரை வந்து பேசுகிறவர் பதிவு பெறாத துணை ஏஜெண்ட். பதிவு பெற்றவர் மலை ஏறி வருவதில்லை. பதிவில்லாமல் ஆள் எடுத்தால் தண்டனை என்ன தெரியுமா? இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாயிரம்! பள்ளி திறக்கும் மாதத்தில் என் கடையின் ஒரு நாள் வசூல் அதைவிட அதிகம்.

இன்னொரு கூத்து. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சிட்டிருப்பார்கள். மலேசியாவும் வளைகுடா நாடுகளும் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம், சம்பளம் எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து லட்ச ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் அந்த வழியில் கிடைக்கும். ஏமாறக்கூடியவர்களுக்காகவே வைத்த வேலி இது. நம் ஊரில் அந்த மூன்றெழுத்து ஒரு அவமானமாகிவிட்டது. வேலியைத் தாண்ட உதவுகிறேன் என்று சொல்லித்தான் ஏஜெண்ட் பணம் வாங்குகிறார். 'டூரிஸ்ட்' என்று சொன்னால் அந்த அனுமதி வேண்டியதில்லை அல்லவா, அதுதான் ஓட்டை.

சட்டம் பேசுவது எளிது, வயிறு கேட்குமா என்று என் மைத்துனரே கேட்கிறார். நியாயம்தான். முறையான வழியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காத்திருந்தும் கிடைக்காமல் போகலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. மலையிலிருந்து சேலம் வரவே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியவர்களுக்குச் சென்னை இன்னொரு வெளிநாடு. கள்ளத்தனமாகப் போய் மாடி வீடு கட்டியவரும் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அந்த வீட்டைத்தான் எல்லாரும் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். பிடிபட்டு ஒற்றைப் பையோடு திரும்பியவர் எதையும் கட்டாததால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இதையெல்லாம் பேராசை என்று முகநூலில் எழுதுகிறவர்களிடம் எனக்கு இன்னும் எரிச்சல். காப்பிக்கு விலை விழுந்த வருடத்தில் அவர்கள் ஒரு மாதம் மலையில் இருந்து பார்க்கட்டும்.

அந்த அம்மா நான் எழுதிய தாளை மடித்து வைத்துக்கொண்டார். "அப்படியானால் இது எதற்கும் ஆகாதா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, கலர் பிரிண்ட்டையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

மறுநாள் பையன் வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டான். நான்கு பேர் கூடிவிட்டார்கள். அன்று மாலை ஏஜெண்ட் என்று ஒருவர் அழைத்து, மிக மரியாதையாக, "உங்கள் தொழில் ஜெராக்ஸ், அதைப் பாருங்கள் அண்ணா" என்றார். வெள்ளிக்கிழமை பையன் போகவில்லை. பதிவு எண்ணைக் கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போவோம் என்று உறவினர்கள் போய் நின்றதில் அறுபதாயிரம் திரும்பி வந்ததாகக் கேள்வி. மீதி வரவில்லை. மரங்களும் வரவில்லை.

நேற்று அந்தப் பையன் மறுபடி வந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி போலிருக்கிறது, தனித்தேர்வராக எழுதுவதற்கான தாள்களை நகலெடுக்க வந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இரண்டு பக்கமும் எடுங்கள் சார்" என்றான். எடுத்துக் கொடுத்தேன். ஆறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.