மழை விட்ட மறுநாள்தான் பெண்ணையாறு வரும்

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. கடலூரில், ஆல்பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் மழை ஓய்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா நனைந்த பாய்களை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உலரப் போட்டுக்கொண்டிருந்தார். பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யும்படி நான் சொன்னதற்கு, “மழைதான் விட்டுடுச்சே தம்பி, இனிமே என்ன?” என்றார். அன்று இருட்டுவதற்குள் அவர் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். புயலென்றால் வானத்தைப் பார்த்தே பழகிய ஊர் இது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளையும் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, காற்று அடங்கினால் ஆபத்தும் அடங்கியது என்றே நம் மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் தென்பெண்ணையின் கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழானது. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியதைத்தான் எல்லோரும் பேசினோம். அந்த மழை நம் தெருக்களில் தேங்கி, ஒருவாறு வடிந்தது. நம் வீடுகளுக்குள் புகுந்த ஆற்று வெள்ளமோ, புயலின் மிச்சம் மேற்கே நகர்ந்து போய்க் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டிய 50 செ.மீ. மழையையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகப் பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. 119 அடி உயரமுள்ள அந்த அணையின் கொள்ளளவே 7,321 மில்லியன் கன அடிதான். அது நிரம்பிய நிலையில் மேலிருந்து வருவதை அப்படியே கீழே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. டிசம்பர் 2 விடியற்காலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள்.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. எச்சரிக்கை வரவில்லை என்று நான் சொல்லவில்லை. கைப்பேசியில் வந்தது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டும் வந்தார்கள். “கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்” என்றார்கள். கரையோரம் என்பது எதுவரை? ஒன்றரை லட்சம் கன அடி என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு விநாடியும் 350 வீதம் கடந்து போவதற்குச் சமம். கேட்க மலைப்பாக இருக்கிறதே தவிர, அது என் வாசற்படியின் எத்தனையாவது படிக்கு வரும் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை.

எனக்குச் சொன்னது என் வீட்டுச் சுவர். 2021 நவம்பரில் வெள்ளம் வந்து வடிந்தபோது, சேறு படிந்த விளிம்பில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்தேன். 2024-இன் கோடு அதற்கு ஒன்றரைச் சாண் மேலே இருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் தேதியையும், சாத்தனூரில் திறந்த அளவையும் எழுதியிருக்கிறேன். 2021-இல் நகராட்சி மாநகராட்சியாகவே உயர்ந்துவிட்டது; உப்பலவாடி, கண்டக்காடு, தாழங்குடா, நாணமேடு என்று ஒவ்வொரு பகுதியிலும் தெருமுனைச் சுவர்களில் இப்படியொரு கோட்டை வண்ணத்தில் தீட்டி வைப்பதற்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தேவையில்லை, ஒரு பெயிண்டரும் இரண்டு நாளும் போதும். அறிவிப்பும் “2021 கோட்டுக்கு மேல் வரலாம்” என்று வந்தால், ஒரு வார்த்தையில் விளங்கிவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், நமக்கு ஆறு ஒன்றல்ல. நகரின் நடுவே ஓடும் கெடிலம் வேறு, முதுநகர்ப் பக்கம் கடலில் சேரும் பரவனாறு வேறு. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரு நாளில் 48 செ.மீ. பெய்தபோது அடிபட்டவை விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற உட்பகுதிக் கிராமங்கள். “2015-லேயே இங்க வரல” என்று எங்கள் தெருவில் சிலர் சொன்ன தைரியம், வேறொரு வெள்ளத்தை வைத்துப் பெற்ற தைரியம். போதாக்குறைக்கு, புயல் நேரத்தில் கடல் கொந்தளித்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஆறு பின்னால் ஏறும்.

வெள்ளம் வாசல் வழியாக வருமென்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் வருவது கழிவறை வழியாகத்தான். கோப்பைக்குள் குளுகுளுவென்று சத்தம் கேட்கும்; அரை மணி நேரத்தில் செப்டிக் டேங்க் தண்ணீர் மேலே வரும். அந்தச் சத்தம் கேட்டவுடன், ஒரு பாலித்தீன் பைக்குள் மணலை நிரப்பிக் கோப்பையில் அழுத்தி வைத்தேன். வந்த அசிங்கத்தில் பாதியாவது குறைந்தது. மெயின் சுவிட்சைத் தண்ணீர் வருவதற்கு முன்பே அணைக்க வேண்டும், தண்ணீரில் நின்றுகொண்டு அல்ல. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அது மிதந்துபோய்க் கதவில் இடித்துக்கொண்டே இருக்கும். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் பரணில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள், சார்ஜ் தீர்ந்த கைப்பேசியில் எந்த எண்ணும் இருக்காது.

மனை வாங்குகிறவர்கள், வெள்ளம் வருமா என்று தரகரிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். பெண்ணையாறு வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கிறது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அந்த மணலில் இறங்கி நடந்து, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்த நாளில் கரையோர மனையைக் காட்டினால் “ஆத்துக் காத்து” என்று யாருக்குத்தான் ஆசை வராது?

எங்கள் தெருவில் கீழ்வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். மாடி வீட்டு உரிமையாளர் இருவர், ஐப்பசி பிறந்ததும் படிக்கட்டு கிரில் சாவியின் நகலைக் கீழே கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாவி இப்போதே எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பதினோரு இருசக்கர வண்டிகளை எங்கே ஏற்றி நிறுத்துவது என்பதுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. போனமுறை பாலத்துச் சரிவில் நிறுத்தினோம், போலீஸார் எடுக்கச் சொன்னார்கள்.