கொட்டாய்களையும் கணக்கில் சேருங்கள்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கொட்டாய் என்றால் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் ஊருக்குள் தெருவில் வீடு கட்டுவதில்லை. அவரவர் நிலத்தில், கிணற்றை ஒட்டி, பங்காளிகள் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். முதலில் வந்து குடியேறிய பாட்டன் பெயரோடு கொட்டாய் என்று சேர்த்தால் அதுவே ஊர்ப் பெயராகிவிடும். ஒரே ஊராட்சியில் இப்படிப் பல கொட்டாய்கள் உண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கரடு என்று நாங்கள் சொல்லும் ஒரு சிறு குன்று இருக்கும், ஓர் ஓடை இருக்கும்.

எங்கள் கொட்டாயில் 23 வீடுகள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை விட்டு நான்கு கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். வீட்டில் எங்கே நின்றாலும் கைபேசி வேலை செய்யாது. கரட்டின் மேல் ஒரு பாறை இருக்கிறது. அதன் பழைய பெயரைப் பெரியவர்களே மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அது டவர் பாறைதான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் கணவரோடு பேசவும், திருப்பூரில் இருக்கும் மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவும், கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும் அந்தப் பாறைக்குத்தான் ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்கள் அங்கே போவதில்லை. யானை இறங்கும் தடம் அது. யானை வருகிறது என்ற எச்சரிக்கையும் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அதைப் பார்ப்பதற்கும் யானைத் தடத்தில்தான் ஏற வேண்டியிருக்கிறது.

கடந்த ஆண்டு நிலக்கடலை பிடுங்கிய சமயத்தில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. பொழுது சாய்ந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. கடலைக்கொடிப் போரைத் தார்ப்பாய் போட்டு மூடப் போன பெரியப்பாவை விரியன் கடித்துவிட்டது. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டதால் வண்டியில் உட்கார வைத்துக் கொண்டுபோக வழியில்லை. ஆம்புலன்ஸ் சாலை வரைக்கும் வந்துவிட்டால் கட்டிலில் தூக்கிப் போய்ச் சேர்த்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன்.

108 அழுத்தினேன். மறுமுனையில் ஒரு பெண் கன்னடத்தில் பேசினார். காவிரிக்கு அக்கரையில் கர்நாடகம். பாறையின் உச்சியில் அந்தப் பக்கத்து டவர்தான் முதலில் பிடிக்கும். அழைப்பு எந்த டவரில் ஏறுகிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஓரளவு கன்னடம் வரும். பென்னாகரம் தாலுகா என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்; ஆனால் எங்கள் ஊர் அவரிடம் இருந்த பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு 108-ஐ அழையுங்கள் என்றார். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் கன்னடம். கர்நாடக சிக்னல் விட்டுப்போகும் வரை பாறையின் கிழக்குச் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கி, ஒரு புளியமரத்தடியில் நின்று நான்காவது முறை அழைத்தபோதுதான் தமிழ் கேட்டது.

கடித்தது ஏழு மணிக்கு. மருத்துவமனையில் சேர்த்தபோது பத்து மணியை நெருங்கிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த மருத்துவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் வலது காலில் சதை அழுகி, பல வாரம் புண் ஆறாமல், இன்றைக்கும் பெரியப்பாவால் அந்தக் காலில் செருப்புப் போட முடியவில்லை. விஷக்கடியில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதில் முக்கால் மணி நேரத்தை நாங்கள் சிக்னல் தேடியே தொலைத்தோம்.

இதை எங்கே எழுதினாலும், காட்டோரத்தில் 23 வீட்டுக்காக யார் டவர் போடுவார்கள், அவர்களும் வியாபாரிகள்தானே என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லாபம் வராத ஊர்களுக்கும் தொலைபேசி போக வேண்டும் என்பதற்காகவே நம் நாட்டில் ஒரு நிதி இருக்கிறது. 2003-ல் சட்டத் திருத்தம் செய்து, 2002 ஏப்ரல் 1 முதல் என்று முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்த அனைவருக்கும் சேவைக் கடமை நிதி அது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில், அதாவது அனுமதிக்கப்பட்ட கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில், 5 விழுக்காட்டை அதற்குக் கட்டுகின்றன. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. பெங்களூரில் சித்தாள் வேலை பார்க்கும் எங்கள் ஆள் ரீசார்ஜ் செய்யும் பணத்திலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. ஆகவே நாங்கள் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை.

2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, 4ஜி சென்று சேராத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல திட்டம். ஆனால் இந்த ‘கிராமம்’ என்ற சொல்லில்தான் எங்கள் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். ஊராட்சி அலுவலகமும் பள்ளிக்கூடமும் இருக்கும் பெரிய ஊரில் சிக்னல் கிடைத்தால், அந்தக் கிராமமே சேவை பெற்ற கிராமமாகிவிடுகிறது. கரட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டாய்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் பாரத்நெட்டும் இப்படித்தான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் அதன் இலக்கு; கண்ணாடி இழைக் கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொட்டாய்க்கு அதனால் என்ன பயன்?

சேவை நின்றுபோனால் கேட்பதற்கு விதி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்காரர்களுக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்காரர்களுக்குக் கூடுதல் நாள்கள் தர வேண்டும். படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு மாவட்டம் என்ற சொல் கண்ணில் பட்டது. போன மழைக்காலத்தில் பாறையில் கிடைத்துவந்த அந்த ஒரு கோடு சிக்னலும் ஒன்பது நாள் வரவில்லை. மாவட்டம் முழுக்க சிக்னல் இருந்தது. ஆகவே எங்கள் ஒன்பது நாளுக்குக் கணக்கே இல்லை. எங்கெங்கே சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் கொட்டாயின் மேல் நிறம் பூசியிருக்கிறார்கள். அந்த நிறம் பொய் என்று எங்கள் 23 வீட்டுக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் பெரிய ஊர் டீக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் மஞ்சள் பெட்டித் தொலைபேசி இருந்தது. தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் வந்ததால், ஊரில் மின்சாரம் போனாலும் அது வேலை செய்தது. இன்று காற்றடித்து மின்சாரம் போனால் மூன்று நான்கு மணி நேரத்தில் டவரின் பேட்டரி தீர்ந்து எல்லாம் அடங்கிவிடுகிறது. புயலும் மழையும் வரும் நேரத்தில்தானே பேச்சு வேண்டும்?

இருபது வருடத்துக்கு முன்பு தொலைபேசி இல்லாமலும் வாழ்ந்தோம். அப்போது அரிசி வாங்கக் கைபேசி தேவைப்படவில்லை, கூலி வாங்கத் தேவைப்படவில்லை. இன்றைக்கு ரேஷன் கடையில் கைரேகை மெஷினுக்கு சிக்னல் வேண்டும். அது சுற்றிக்கொண்டே இருந்தால் எழுபது வயதுப் பாட்டி நாலு கிலோமீட்டர் வெறுங்கையோடு திரும்பி நடக்கிறார். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவைக் கைபேசிச் செயலியில், ஒரு நாளைக்கு இரண்டு முறை புகைப்படத்தோடு ஏற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். படம் ஏறாத நாளில் வெயிலில் மண் வெட்டியதற்குக் கூலி என்னவாகுமோ என்று எங்கள் பணித்தளப் பொறுப்பாளர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கியது. அந்த ஆயிரம் ரூபாய் எங்கள் பெண்களுக்குப் பெரிய பலம். அது கணக்கில் ஏறியதா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு மாதமும் அதே பாறைக்குத்தான் ஏறுகிறார்கள். சோற்றுக்கும் கூலிக்கும் சிக்னலைக் கட்டாயமாக்கிய பிறகு, அந்த சிக்னலைத் தரவேண்டிய கடமையும் கட்டாயமாக இருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் மலையோரப் பகுதிகளில் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை. பள்ளிச் சுவர்களில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் யாருக்கும் தெரியாமல் அந்த எண்ணை அழைக்க நினைத்தால், ஊரே பார்க்கும்படி பாறையின் மேல் நின்றுதான் அழைக்க வேண்டும்.

காட்டை வெட்டி டவர் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காவிரிக் கரைக் காடு எங்களுக்கும் வேண்டும், யானைக்கும் வேண்டும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் மேலோ தொடக்கப்பள்ளி மாடியிலோ சூரியத் தகட்டோடு ஒரு சிறிய டவரை நிறுத்தினால் எங்கள் பள்ளத்துக்கு அது போதும். முதலில் கொட்டாய் கொட்டாயாகக் கணக்கெடுக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து எடுக்கும் கணக்கு எங்களுக்கு உதவாது. யாராவது ஒருவர் கைபேசியோடு எங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

நான் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவள். இதையும் கணக்காகவே எழுதப்போகிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், சித்தேரி, அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று எங்கே இருந்தாலும் உங்கள் கொட்டாயின் பெயர், எத்தனை வீடு, சிக்னல் கிடைக்கும் இடம் எத்தனை தூரம், இந்த மூன்றை மட்டும் கீழே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறோம்.

வங்கி வேலையாகப் பென்னாகரம் வந்தவள், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து இதைப் பதிவிடுகிறேன். எங்கள் பக்கம் போகும் பஸ் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமைதான் மறுபடியும் வருவேன். அதுவரை யாருக்கும் பதில் எழுத முடியாது; ஆனால் வந்தவுடன் ஒவ்வொரு பெயரையும் படித்து நோட்டில் ஏற்றிவிடுவேன்.