பிளாக் மௌண்டன் கல்லூரியை அரசு கட்டவில்லை

“அகதிக் கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு மலையடிவாரத்தில் கட்டிய கிராமம்” என்று பிளாக் மௌண்டன் கல்லூரியைச் சொல்வது தவறு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருந்த அந்தக் கல்லூரியை 1933-இல் தொடங்கியவர்கள் பேராசிரியர் ஜான் ஆண்ட்ரூ ரைஸும் புளோரிடாவின் ராலின்ஸ் கல்லூரியை விட்டு வெளியேறிய சிலரும். முதலில் வாடகைக் கட்டடம். சொந்த இடமான லேக் ஈடனுக்கு 1941-இல்தான் மாறினார்கள். அங்கிருந்த படிப்பகக் கட்டடத்தை ஆசிரியர்களும் மாணவர்களுமே எழுப்பினார்கள்.

அகதிகளுக்கு அரசு கதவைத் திறந்து வைக்கவும் இல்லை. 1924 குடியேற்றச் சட்டம், எந்த நாட்டிலிருந்து ஆண்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்று நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்திருந்தது. அதற்கு வெளியே இருந்த வழிகளில் ஒன்று, கல்லூரிப் பேராசிரியருக்கான விசா. விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து கற்பித்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் கற்பிக்கவே வர வேண்டும். சிக்கல் இங்கேதான். 1933-இல் நாஜிகளால் வேலை பறிக்கப்பட்டவர் 1938-இல் விண்ணப்பித்தால் அந்த 2 ஆண்டுக் கணக்கு உதைக்கும். கற்பிக்காத ஓவியருக்கு இந்த வழியே கிடையாது. பேராசிரியரின் மனைவியும் 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் கூட வரலாம். பெண் பேராசிரியரின் கணவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு சிறு கல்லூரியின் வேலை அழைப்பு உயிர்காக்கும் தாளானது இதனால்தான்.

ஜெர்மனியின் கலை, வடிவமைப்புப் பள்ளியான பாவ்ஹாஸ் மூடப்பட்ட 1933-இலேயே ஓவியர் யோசப் ஆல்பர்ஸ், நெசவுக் கலைஞரான அவர் மனைவி அன்னி ஆல்பர்ஸ் இருவரும் இந்தக் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பிலிப் ஜான்சன் பரிந்துரையில். யோசப்புக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. இசைநடத்துநர் ஹைன்ரிஷ் யலோவெட்ஸ் 1939-இல் வந்தார். கணிதர் மாக்ஸ் டேன் 1945-இல் சேர்ந்து, 1952-இல் அங்கேயே இறந்தார்.