லூப்புக்க ஒரு பெடலைச் செருகப் போய்

விசர்தான் வருது. உள்ளுக்க நூறு விதமான ஓவர்டிரைவ் (கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்கிறது) கிடக்கிற மல்டி எபெக்ட்ஸ் பெட்டி ஒண்டை வாங்கிப்போட்டு, எனக்கு என்ர பழைய மஞ்சள் பொஸ் எஸ்டி-1 ஓவர்டிரைவ் பெடல்தான் வேணுமெண்டு அடம்பிடிச்சது என்ர பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். 1981ல வந்த சாமான், மூண்டே மூண்டு குமிழ், மிதிச்சா வேலை செய்யும். அதை லூப்பில, அதாவது வெளிப் பெடலைப் பெட்டியோட சேர்க்கிற வழியில, போடுறதுக்கு ஏன் எனக்கு இவ்வளவு தண்டனை?

சத்தம் பெடலுக்குப் போற சென்டில ஒரு கேபிள், திரும்பி வாற ரிற்றேர்ணில ஒரு கேபிள், முடிஞ்சுதெண்டு நினைச்சன். எங்க முடிஞ்சது! ஸ்கிரீனில லூப் புளொக் அம்ப்ளிஃபயர் புளொக்குக்குப் பின்னால கிடந்திருக்கு, சத்தம் ஊறின பாண் மாதிரி. முன்னால இழுத்து வைச்சா, டிரைவைப் பூச்சியத்தில வைச்சாலும் கரகரக்குது. ஏனெண்டு பாத்தா சென்ட் லைன் லெவலாம், கிற்றாரை விடப் பலமான சிக்னல், பாவம் பெடல் கிற்றார் லெவலுக்குச் செய்தது. சரி, அதையும் மாத்தினன். அடுத்த பேட்சுக்கு (சேமிச்சு வைச்ச சவுண்ட் செட்டிங்) போனா லூப்பே இல்லை! ஒவ்வொரு பேட்சிலயும் திரும்பத் திரும்பப் போடோணுமாம், பெடல்ட குமிழை மட்டும் நான்தான் குனிஞ்சு திருப்போணும். பேந்தென்னத்துக்கு உந்தப் பெரிய ஸ்கிரீன்?

இதுக்குள்ள ரெண்டுக்கும் ஒரே அடப்டரில இருந்து கறன்ட் குடுத்தனான், ம்ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "தம்பி, உங்கட தண்ணி மோட்டர் இறுகிப்போச்சே?" எண்டு கேக்கிறா.