ஏரிக்கு வந்த பொக்லைனின் லாக் புக் எங்கே?

குறைதீர் கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது லாக் புக் ஒன்றுதான். வெளிநாட்டு நிதியில் நடந்த எங்கள் ஏரி வேலைக்கு வந்த பொக்லைன் என்றைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது? "வெளிநாட்டுக்காரன் காசுக்கு நீ இன்னாத்துக்குப்பா கணக்கு கேக்கற?" என்றார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அது சும்மா வந்த காசா? நீர்வள நிலவளத் திட்டத்துக்கு 2007இல் உலக வங்கி ஒப்புக்கொண்டது 48.5 கோடி டாலர். 2017 டிசம்பரில் அடுத்த பாசனத் திட்டத்துக்கு 31.8 கோடி டாலர். இரண்டும் கடன். நம் வரிப்பணத்தில்தான் அடைபடும். 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தமிழ்நாட்டு ஏரிகளுக்குக் கொடுத்தது மானியம்தானே என்பீர்கள். சரி, மானியமாகவே இருக்கட்டும். ஏரி யாருடையது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மேட்டு நிலத்தைச் சமன் செய்ய வண்டி வைத்தோம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. வண்டி வரப்பைத் தாண்டியதுமே ஹவர் மீட்டரைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது இன்ஜினை நிறுத்தச் சொன்னார். மண் அள்ளாமல் நின்றாலும், இன்ஜின் ஓடினால் மீட்டர் ஏறும். இது அம்மாவுக்குத் தெரியும். மெத்தப் படித்தவர்களுக்குத் தெரியாதா?

எங்கள் ஏரிக்குள் அந்த வண்டி வேலை செய்து நான் பார்த்தது நான்கு நாள். அப்புறம் அதே வண்டி ரோட்டோரத்து மனைப்பிரிவில் மண் நிரவிக்கொண்டிருந்தது. அதையும் என் கண்ணால் பார்த்தேன். அந்த மணிக்கணக்கு எந்தப் புத்தகத்தில் ஏறியது? அதற்காகத்தான் லாக் புக் கேட்கிறேன்.

தணிக்கை இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. தணிக்கைக்காரர் வரும்போது ஏரியில் தண்ணீர் நிற்கும். வெட்டிய ஆழத்தை எங்கே போய் அளப்பார்? அவர் கையில் இருப்பது பில் மட்டும். வண்டி ஓடும்போதே, அன்றன்றைய மீட்டர் எண்ணை மதகுச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்தால் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர் எல்லோரும் பார்ப்போம். இதற்கு என்ன செலவு?

இப்படிக் கேட்டால் அடுத்த நிதி வராதாம். வராவிட்டால் போகட்டும்! காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. எந்த டாலரில் வெட்டினார்கள்? குடிமராமத்து என்று ஊரே கூடி மண் சுமந்து கரையைக் காத்த வட ஆற்காட்டில், அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் கணக்குக் கேட்டால் சிரிக்கிறார்கள். என் அப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பார்.

திங்கட்கிழமை பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடப்போகிறேன். அந்த நாட்களில் கரையில் ஆடு மேய்த்தவர்கள், டிரைவருக்கு டீ கொண்டுபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், வண்டி ஏரியில் நின்ற தேதிகளை எனக்குச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொள்கிறேன்.