அடைகாக்கும் காலத்தில் வளையமிடுதல்

இனப்பெருக்கக் காலத்தில் சரணாலயப் பறவைகளைப் பிடித்து, அடையாளம் காண்பதற்காகக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்டுரை வாதிட்டிருந்தது. அந்தக் கட்டுரையாளரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவை ஏற்க இயலவில்லை. வளையமிடுவதற்காக விரித்த வலையில் சிக்கிய பறவையின் வயிற்று இறகுகளை மெல்ல ஊதி விலக்கினால், அடைகாக்கும் பறவைக்கு அங்கே இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் மிகுந்து சிவந்த வெற்றுத் தோல் தெரியும். முட்டைக்கு வெப்பம் கொடுப்பது அந்தத் தோல்தான். அதைக் கண்டதும், பயிற்சி பெற்றவர் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பறவையை முதலில் விடுவித்துவிடுவார்.

வட பசிபிக் பெருங்கடலிலுள்ள மிட்வே பவளத்தீவில் 1956ஆம் ஆண்டு அடைகாலத்தில் வளையமிடப்பட்ட விஸ்டம் என்னும் லேசன் அல்பட்ராஸ் 2024இலும் முட்டையிட்டது. ஒரு கடற்பறவை எழுபது வயதைக் கடந்தும் முட்டையிடும் என்பதை, தேயத் தேய மாற்றப்பட்டுவந்த அந்த வளையங்கள் இல்லாவிட்டால் யார் அறிந்திருப்பார்?

மழையில் வலை விரிப்பதும், கூட்டையொட்டிக் கட்டுவதும், நெடுநேரம் பார்க்காமல் விடுவதும் பெருந்தவறு என்பதில் கட்டுரையாளருடன் முழுமையாக உடன்படுகிறேன். பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகளைத் தொட்டால் அவை கூட்டிலிருந்து முன்கூட்டியே குதித்துவிடும் என்பதால், அந்த நாட்களில் கூட்டை அணுகவே கூடாது.